இருபத்து நான்கு அங்குலம்

டெய்லரம்மா முதலில் சந்தேகப்பட்டது தன் டேப்பைத்தான். இருபது வருடமாகக் கழுத்தில் கிடக்கிற டேப். இழுபட்டு இழுபட்டு நீண்டிருக்கலாம். தையல் மேஜை டிராயரிலிருந்து மர ஸ்கேலை எடுத்து வந்து மறுபடி அளந்தாள். குளியலறை வாசல் இருபத்து நான்கு அங்குலம். ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய சக்கர நாற்காலி இருபத்தாறு அங்குலம். சட்டையாக இருந்தால் பக்கத் தையலைப் பிரித்து இரண்டு அங்குலம் விட்டுக் கொடுத்திருப்பாள். இது காங்கிரீட்.

நாற்காலியில் இருந்த அவள் புருஷன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சு ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது. முப்பத்தெட்டு வருடம் அந்தக் கட்டடத்தின் குழாய்களைக் கட்டிக் காத்தவர். எல்லோருக்கும் அவர் பைப்புக்காரர். நாற்பத்தெட்டு வீட்டுக் கழிப்பறையும் அவர் கைபட்டு ஓடியவை. இப்போது தன் வீட்டுக் கழிப்பறைக்குள் போகத்தான் அவருக்கு வழியில்லை.

கட்டடத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது, அது யாருக்கும் வாயில் நுழையாது. ஜனங்கள் வைத்த பெயர் பூசாத கட்டடம். போர் முடிந்து ஏழாம் வருடம், குண்டு விழுந்து வீடிழந்தவர்களுக்காக அவசர அவசரமாக எழுப்பியது. எட்டு மாடி, உள்ளும் புறமும் வெறும் காங்கிரீட், வார்ப்புக்கு அடித்த சென்ட்ரிங் பலகையின் வரிகள்கூட சுவரில் அப்படியே. முதலில் குடிவந்தவர்கள், பூச்சு வேலைக்கு இன்று ஆள் வரும், நாளை வரும் என்று ஒரு வருடம் காத்திருந்தார்களாம். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது: பூசவே கூடாது என்றுதான் கட்டியிருக்கிறார்கள். வரைந்தவர் பெரிய கலைஞர். ஒரு சராசரி மனிதனைக் கற்பனை செய்துகொண்டு, அவன் உடம்புக்கு அளவெடுத்து ஒவ்வொரு வாசலையும் ஒவ்வொரு படியையும் போட்டாராம். அந்தச் சராசரி மனிதன் நடப்பான், குனிவான், கையை உயர்த்துவான். அவனுக்குப் பக்கவாதம் மட்டும் வராது.

பைப்புக்காரர் அந்தச் சராசரி மனிதனின் பரம பக்தர். வாஷர் தேய்ந்தால் அதே மாதிரி வாஷர்தான் வேண்டும். பித்தளைக் குழாயின் திருகு உடைந்தால் பழைய இரும்புக்கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கி அதே திருகைத் தேடிப் பிடித்து வருவார். மற்ற வீட்டுக்காரர்களெல்லாம் பளபளவென்று புதிதாக மாட்டிக்கொண்டபோது, இவர் வீட்டில் மட்டும் உயரத்தில் இரும்புத் தொட்டி, தொட்டியில் தொங்கும் சங்கிலி, சங்கிலி நுனியில் மரப்பிடி. சுவரில் ஓர் ஆணி அடிக்க விடமாட்டார். கல்யாணப் போட்டோ முப்பது வருடமாக அலமாரிக்குள் குப்புறக் கிடந்தது. டெய்லரம்மாவுக்கும் அதில் ஒரு பெருமை ஒட்டிக்கொண்டுவிட்டது. "எங்க வீட்ல எல்லாம் கட்டுனப்ப இருந்த மாதிரியே" என்று வருகிறவர்களிடம் சொல்லும்போது மூக்கு லேசாக மேலே போகும்.

எதிர்வீட்டு அக்காவுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். அந்த அக்கா வீடு முழுக்கப் பளிங்குக்கல் ஒட்டிக்கொண்டதால் பளிங்கக்கா என்றே பெயர் நின்றுவிட்டது. கல் ஒட்டியதையாவது பைப்புக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். பதினோரு வருடத்துக்கு முன் அவள் மாமியார் நடக்கமாட்டாமல் படுத்தபோது, பளிங்கக்கா குளியலறை வாசலை இடித்து அகலப்படுத்த ஆள் வைத்தாள். பைப்புக்காரர் அன்றைக்கே வீட்டுவசதி அலுவலகத்துக்குப் புகார் எழுதிப் போட்டார். பாதி இடித்த நிலையில் வேலையை நிறுத்திவிட்டார்கள். விசாரணை முடிய ஒரு மாதம் ஆனது. அந்த மாதத்தில் மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்கப்புறம் பளிங்கக்கா அந்த வாசலைப் பிடிவாதமாக முப்பத்துநான்கு அங்குலத்துக்கு இடித்துக் கட்டினாள். உள்ளே போக ஆள் இல்லாத வாசல்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் டெய்லரம்மா புருஷனை வாசலில் நிறுத்தி, இடுப்பைக் கட்டிப்பிடித்து உள்ளே நடத்தப் பார்த்தாள். அவர் இவளைப்போல் இரண்டு மடங்கு. இரண்டு பேருமாகச் சேர்ந்து விழுந்தார்கள். அவருடைய முன்பல் ஒன்று வாஷ்பேசினில் பட்டு உடைந்தது. அப்புறம் மலஜலமெல்லாம் கட்டிலில் வைத்துப் பீங்கான் தட்டில்தான். தட்டை வைக்கும்போதெல்லாம் அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார். அதை எடுத்துக் கழுவிவிட்டு வருவது அவளுக்குப் பெரிய கஷ்டமாக இல்லை. அந்த மூடிய கண்ணைப் பார்ப்பதுதான் தாங்கவில்லை.

வாரம் ஒருமுறை வந்து பார்க்கும் நர்ஸ் அக்கறையானவள், அக்கறையாலேயே கறாரானவள். "வருஷக் கடைசிக்குள்ள பாத்ரூம் வாசல சரி பண்ணிடுங்கம்மா. இல்லன்னா நான் இவர முதியோர் இல்லத்துக்குத்தான் எழுதணும். நீங்க ஒருத்தரா இவரத் தூக்கி, நீங்களும் விழுந்து படுத்தா யார் பாக்குறது?" என்றாள்.

"இல்லம்" என்ற சொல்லைக் கேட்டதும் பைப்புக்காரர் இடது கையால் மனைவியின் டேப் நுனியைப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் படியிறங்கிப் போகும்வரை விடவில்லை.

டெய்லரம்மாவின் தம்பி கொத்தனார். வியாழக்கிழமை காலையில் உளி, சுத்தியல், கட்டிங் மெஷின் எல்லாவற்றோடும் வந்து இறங்கினான். சுவரைத் தட்டிப் பார்த்தான். "பாரம் தாங்குற சுவர் இல்லக்கா. ரெண்டு பக்கமும் மூணு மூணு இஞ்ச் வெட்டி எடுத்துட்டு, புது நிலை வச்சுடலாம். சாயங்காலத்துக்குள்ள மாமா ராஜா மாதிரி உள்ள போவாரு" என்று பென்சிலால் கோடும் போட்டுவிட்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் கதவைத் தட்டினாள் பாரம்பரியத் துறைப் பெண். பெரிய கண்ணாடி, கழுத்தில் கேமரா, வாயில் ஓயாத சிரிப்பு. கட்டடத்தை இடிக்கப்போவதாக இரண்டு மாதமாக லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதைத் தடுக்க ஒரே வழி, கட்டடத்தைப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ப்பது. அதற்காக வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். நாற்பத்தேழு வீட்டைப் பார்த்து முகம் தொங்கிப்போனவள், இந்தக் குளியலறையை எட்டிப் பார்த்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு, போட்டிருந்த நல்ல உடுப்போடு தரையில் மல்லாந்து படுத்து வாஷ்பேசினுக்கு அடியில் பார்த்தாள்.

"சார், இந்த வளைவுக் குழாய்கூட ஒரிஜினலா?"

"எல்லாம்" என்றார் பைப்புக்காரர்.

"இந்தச் சங்கிலி?"

"எல்லாம்... எல்லாம்."

டெய்லரம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருடத்தில் கட்டடத்தில் ஒருத்தரும் அவரை ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. குழாய் ஒழுகினால் கூப்பிடுவார்கள், ஒழுகாவிட்டால் மறந்துவிடுவார்கள். இந்தப் பெண் தரையில் படுத்துப் பார்க்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து இறந்து கிடந்த அந்த முகத்தில் இடது பாதி சிரித்தது.

பெண் எழுந்து பென்சில் கோட்டைக் கவனித்தாள். "ஐயோ, இதத் தொட்டுடாதீங்கம்மா! ஒரே ஒரு வீடாவது கட்டுன மாதிரியே இருந்தாத்தான் குழு ஒத்துக்கும். உங்க வீட்ட வச்சுத்தான் மொத்தக் கட்டடத்தையும் காப்பாத்த முடியும். மூணே வாரம். அவங்க வந்து பாத்துட்டுப் போகட்டும்."

"மூணு வாரம் கழிச்சு வெட்டிக்கலாமா?" என்று கேட்டாள் டெய்லரம்மா.

"அதெல்லாம் பேசிக்கலாம்மா" என்றாள் பெண். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. நாளைக்கு என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்க்காத முகம், அவ்வளவுதான்.

கொத்தனார்த் தம்பி அக்காவைச் சமையலறைக்கு இழுத்துப் போனான். "அக்கா, உனக்கென்ன பைத்தியமா? இவ நல்லா காதுல பூ சுத்துறா. வெட்டுறத வெட்டிடுவோம், அப்புறம் வர்றவன் வந்து பாக்கட்டும்."

"கட்டடத்தையே இடிச்சுட்டா வாசல் எங்கடா இருக்கும்? மூணு வாரந்தானே. உங்க மாமா மூஞ்சியப் பாத்தியா நீ?"

திரும்பி வந்தபோது பைப்புக்காரர் மச்சினனைப் பார்த்து ஒரே வார்த்தை சொன்னார். "வேணாம்." தம்பி மெஷினைப் பைக்குள் திணித்துக்கொண்டு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கப் போய்விட்டான். பென்சில் கோட்டை டெய்லரம்மாவே ரப்பர் வைத்து அழித்தாள்.

மூன்று வாரத்துக்குத் தட்டு போதும் என்றுதான் நினைத்தாள். ஆனால் அவர் தட்டுக்குப் பயந்து சாப்பிடுவதைக் குறைக்க ஆரம்பித்தார். நாலாம் நாள் டெய்லரம்மா வெட்கத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

பளிங்கக்கா கதவை அகலத் திறந்தாள். "வாங்க, வாங்க. பைப்புக்காரரே வந்திருக்காரா? புகார் கீகார் எழுத பேப்பர் ஏதும் வேணுமா?" என்று ஆரம்பித்து, நாற்காலி தடங்கலில்லாமல் குளியலறைக்குள் உருள்வதைக் கைகட்டி நின்று பார்த்தாள். "எப்படி இருக்கு வாசல்? எங்க மாமியாருக்குன்னு கட்டுனது. பாவம், அவங்களுக்குத்தான் குடுத்து வைக்கல. யாருக்காவது பிரயோஜனப்படட்டும்."

தினமும் காலையில் இப்படி ஒரு பாட்டு. புருஷன் தலை குனிந்தபடி உள்ளே போவார், தலை குனிந்தபடி வெளியே வருவார். ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்கும் அந்தப் பத்து நிமிடம் அவருக்குக் கிடைத்தது. அதற்காக டெய்லரம்மா எவ்வளவு பேச்சும் வாங்கத் தயாராக இருந்தாள். பளிங்கக்காவுக்கு ஒரு உடுப்பு இலவசமாகத் தைத்தும் கொடுத்தாள். அதை அவள் இடுப்பு இறுக்கமாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மூன்று வாரம் ஒன்பது வாரமானது. குழு வந்தது. ஐந்து பேர், ஐந்து பேரும் செருப்பைக் கழற்றாமல், சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஒருத்தர் காங்கிரீட்டின் பலகை வரிகளைக் காட்டிக் கண் கலங்கினார். டெய்லரம்மா அவர்களுக்குத் தேநீர் கொடுத்தாள். நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். அவளுக்கும் ஆசை வந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரர் நாப்பது வருஷமா இந்த வீட்ல ஒரு ஆணி அடிக்க விட்டதில்ல. இனிமேலும் யாரையும் தொட விட மாட்டோம்" என்று வாய் கிழியப் பேசினாள். எழுதிக்கொண்டு கையெழுத்தும் வாங்கினார்கள். அப்புறம் ஒவ்வொரு வாசலாக அளந்தார்கள். அளக்க வந்தவருக்கு உதவிக்கு ஆள் இல்லை என்று டேப்பின் மறுமுனையை டெய்லரம்மாவே பிடித்தாள். அளவெடுப்பது அவள் தொழிலாயிற்றே. குளியலறை வாசலுக்கு வந்தபோது, "இருபத்து நாலு, கரெக்டா இருபத்து நாலு" என்று அவளே சத்தமாகப் படித்தாள்.

பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். லிஃப்டுக்குப் பக்கத்தில் நோட்டீஸ் இருந்த இடத்தில் ஒரு பித்தளைத் தகடு ஏறியது. கட்டடமே கைதட்டியது. பைப்புக்காரரை நாற்காலியோடு தகட்டுக்குக் கீழே நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். மறுநாளே டெய்லரம்மா தம்பிக்குப் போன் செய்து மெஷினோடு வரச் சொன்னாள்.

தம்பிக்கு முன்னால் கடிதம் வந்தது. எந்த வீட்டிலும் அனுமதியில்லாமல் எதையும் மாற்றக் கூடாது. அவள் விண்ணப்பத்தையும் டாக்டர் சீட்டையும் எடுத்துக்கொண்டு பாரம்பரியத் துறை அலுவலகத்துக்கு ஓடினாள். அந்த அலுவலகம் பழைய மாளிகை. வாசல் இரண்டு யானை போகும் அகலம். அதிகாரி மரியாதையானவர், உட்காரச் சொன்னார்.

"ரெண்டே ரெண்டு இஞ்ச் சார். நாற்காலி உள்ள போகணும், அவ்வளவுதான்."

"புரியுதும்மா. ஆனா உங்க வீட்டு வாசல் நிலைய மட்டும் மாத்தவே முடியாது. கட்டுனப்ப வச்சது அது ஒண்ணுதான் மிச்சம்." கோப்பைப் புரட்டினார். "'இனிமேலும் யாரையும் தொட விட மாட்டோம்.' இது நீங்க சொன்னதுதானே?"

"சொன்னேன் சார். அது ஏதோ ஒரு ஆசையில..."

"கையெழுத்து உங்களோடதுதானே?"

பக்கத்தில் நின்ற பாரம்பரியத் துறைப் பெண் அவள் தோளைத் தொட்டாள். "வருத்தப்படாதீங்கம்மா. உங்க வீடு எவ்வளவு முக்கியம்னு உங்களுக்கே தெரியல. அதுதான் மாதிரி. அன்னிக்கு எடுத்த அளவ வச்சு மத்த நாப்பத்தேழு வீட்டையும் பழையபடி கொண்டு வரப்போறோம்."

"பழையபடின்னா?"

"கண்டபடி இடிச்சு அகலப்படுத்துன வாசலையெல்லாம் ஒரிஜினல் அளவுக்குக் கட்டுறது. உங்க எதிர்வீடுகூட லிஸ்ட்ல இருக்கு."

டெய்லரம்மா விண்ணப்பத்தை மடித்துக்கொண்டு எழுந்தாள். இருபத்து நாலு என்று கூவிய தன் குரலே காதில் திரும்பத் திரும்ப விழுந்தது. வீட்டுக்கு வந்து புருஷனிடம், "கேட்டிருக்கேன், பாக்கலாம்னாங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலறையில் போய் அழுதாள்.

பளிங்கக்காவின் வாசலை இரண்டே நாளில் இரு பக்கமும் ஐந்தைந்து அங்குலம் காங்கிரீட் போட்டுக் குறுக்கிவிட்டார்கள். பளிங்குக்கல்லையும் பெயர்த்து எடுத்துப் போனார்கள். வெறும் சுவரைப் பார்த்து நின்ற பளிங்கக்கா, வராண்டாவில் போன டெய்லரம்மாவிடம் கத்தக்கூட இல்லை. "பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவ, இப்ப ஒரு தடவ. உன் புருஷன் படுத்த படுக்கையா கிடந்தும் ஜெயிச்சுட்டாரு டெய்லரு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

நர்ஸ் குறித்த கெடுவுக்குப் பத்து நாள் இருந்தது. "கேட்டுக்கிட்டெல்லாம் இருக்க முடியாதுக்கா. எல்லாரும் வேலைக்குப் போன நேரத்துல ஒரு மணி நேரம் குடு. வெட்டுனதுக்கப்புறம் ஒட்டவா சொல்லப் போறான்?" என்றான் தம்பி. இந்தத் தடவை டெய்லரம்மா சரி என்றாள். பைப்புக்காரரும் வேணாம் என்று சொல்லவில்லை. தட்டும் பசியுமாக ஒரு மாதம் கிடந்தவர் தன் சராசரி மனிதனைக் கைவிட்டிருந்தார். "வெட்டு" என்றார்.

மெஷின் அலறியது. இடது பக்கம் இடுப்பு உயரத்துக்கு ஒரு கோடு இறங்கியிருந்தபோது கதவு தட்டப்பட்டது. துறையிலிருந்து இரண்டு பேர், கூட ஒரு போலீஸ்காரர். தம்பியின் மெஷினை எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு தடவை கைவைத்தால் வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் போனபின் எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. பளிங்கக்கா போனைக் கையில் வைத்தபடியே நின்றாள்.

"என்ன பாக்குற? நான் ஒண்ணும் புதுசா செய்யல. உன் வீட்டுக்காரர் கத்துக்குடுத்ததுதான்."

டெய்லரம்மாவுக்குப் பதில் இருந்தது, வாய்வரை வந்தது. ஆனால் பதினோரு வருடம் முன் அந்தப் புகாரைத் தபாலில் போட்டுவிட்டு வந்தது அவள்தான். போகிற வழிதானே என்று புருஷன் கையில் கொடுத்தார், போட்டாள். உறையில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

வெட்டின கோட்டைச் சரி செய்ய ஒரு நிபுணரை அனுப்பினார்கள். நாலு நாள் அவர் குளியலறை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஏழெட்டுக் கிண்ணத்தில் சாம்பல் நிறங்களைக் கலக்கி, சின்னத் தூரிகையால் அந்தக் காயத்தை ஆற்றினார். பச்சைக் குழந்தையைத் தொடுகிற மாதிரி தொட்டார். பைப்புக்காரர் நாலு நாளும் கட்டிலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், கீழே தட்டு. ஐந்தாம் நாள் நர்ஸ் வந்தாள், வாசலை ஒரு பார்வை பார்த்தாள், எழுதினாள்.

திங்கட்கிழமை வேன் வந்தது. இல்லத்தில் எல்லா வாசலும் அகலம்தான். ஆனால் ஆள் குறைவு. யாரையும் கழிப்பறைக்குக் கூட்டிப்போக நேரமில்லை என்று எல்லோருக்கும் நாப்கின் கட்டிவிட்டார்கள், காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. பைப்புக்காரர் முதல் வாரம் முழுக்க அழைப்பு மணியை அழுத்திப் பார்த்தார். இரண்டாம் வாரம் விட்டுவிட்டார். டெய்லரம்மா போகும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே இருந்தார். தூங்குகிறார் என்றார்கள். அவளுக்குத் தெரியும், தூக்கமில்லை.

ஆள் ஒருத்திக்கு அவ்வளவு பெரிய வீடு எதற்கு என்று அவளுக்கு வேறு தெருவில் ஒற்றை அறை ஒன்று கொடுத்துவிட்டு, அந்த வீட்டைத் துறையே எடுத்துக்கொண்டது. அது இனி மாதிரி வீடு, மக்கள் வந்து பார்க்கலாம். தையல் மெஷினையும் விட்டுப் போனால் அறை இயல்பாக இருக்கும் என்று கேட்டுப் பார்த்தார்கள். அதை மட்டும் அவள் தரவில்லை.

பதினான்கு மாதம் கழித்துத் திறப்பு விழா. பாரம்பரியத் துறைப் பெண் நேரில் வந்து அழைத்தாள். "சாரையும் கண்டிப்பா கூட்டிட்டு வாங்கம்மா. அவர் இல்லன்னா இந்த வீடே இல்ல." இல்லத்தில் கெஞ்சி அனுமதி வாங்கி, தம்பியின் துணையோடு டெய்லரம்மா புருஷனைக் கூட்டி வந்தாள். லிஃப்ட் நாலாம் மாடியில் நின்றபோது அவர் கண்ணைத் திறந்தார்.

வீட்டுக்குள் ஒரே கூட்டம். சுவரில் ஆணி அடித்துப் படங்கள் மாட்டியிருந்தார்கள். குளியலறைக்குப் பக்கத்தில் ஒரு பலகை: சராசரி மனிதனின் தோளகலத்துக்கு வடிவமைத்த இருபத்து நான்கு அங்குல வாசல், சிக்கனத்தின் கவிதை. அதைப் படித்துவிட்டு நிமிர்ந்த டெய்லரம்மாவுக்கு என்னவோ உறுத்தியது. தொழில் செய்த கண். கழுத்திலிருந்து டேப்பை எடுத்துக் கூட்டத்துக்கு நடுவிலேயே வாசலை அளந்தாள். முப்பத்திரண்டு.

"இது எப்பம்மா?" என்று கேட்டாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை.

"போன மாசந்தாம்மா. நாங்க எவ்வளவோ போராடினோம்" என்றாள் பெண், நிஜமான வருத்தத்தோடு. "பொதுமக்கள் வந்து பாக்குற இடம்னா சக்கர நாற்காலி போற மாதிரி இருந்தே ஆகணும், சட்டம். இல்லன்னா திறக்கவே விடமாட்டாங்க."

"குடியிருக்கிற வீடுன்னா?"

"குடியிருக்கிற வீட்டுக்கு அந்தச் சட்டம் கிடையாதும்மா."

தம்பி ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். டெய்லரம்மா டேப்பை மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டாள். அப்போது பைப்புக்காரர் இடது கையை நீட்டினார். குளியலறையைக் காட்டினார். "உள்ள" என்றார். பதினான்கு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை.

நாற்காலி இரண்டு பக்கமும் மூன்று மூன்று அங்குலம் இடம் விட்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அவர் தலையைத் திருப்பி இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். முகத்தின் ஒரு பாதி மெல்ல விரிந்தது. "கதவு" என்றார். டெய்லரம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

கம்மோடின் மேல் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. அதை அவிழ்த்துத் தரையில் போட்டாள். நாப்கினைக் கழற்றினாள். இடம் தாராளமாக இருந்ததால் நாற்காலியைப் பக்கத்திலேயே நிறுத்தி, தோளைக் கொடுத்து, ஒரே மூச்சில் அவரை மாற்றி உட்கார வைத்துவிட்டாள். விழவில்லை, எதிலும் இடிக்கவில்லை. இவ்வளவுதான், இவ்வளவுக்குத்தான் அவள் கேட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். வெளியே கூட்டம் தள்ளுமுள்ளுப்பட்டது. யாரோ வரிசையில் வரச் சொன்னார்கள்.

"முடிஞ்சுது" என்றார் அவர். அந்தக் குரலில் முப்பத்தெட்டு வருடத்து அதிகாரம் கொஞ்சம் திரும்பியிருந்தது. இடது கையை உயர்த்தி மரப்பிடியைப் பிடித்துச் சங்கிலியை இழுத்தார்.

கடகடவென்று வெறும் இரும்பு ஆடியது. தண்ணீர் வரவில்லை. மறுபடி இழுத்தார். வரவில்லை.

கதவு படபடவென்று தட்டப்பட்டது. "அம்மா! உள்ள என்ன பண்றீங்க? அத யூஸ் பண்ணக் கூடாதும்மா, அது பாக்குறதுக்கு மட்டுந்தான்! ஒழுகிடப்போகுதுன்னு லைனையே கட் பண்ணிட்டோம்!"

முப்பத்தெட்டு வருடம் ஒரு சொட்டு ஒழுகாத தொட்டி. அவர் அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன அறையில் நாற்றம் எழ ஆரம்பித்தது. கதவின் அடி இடைவெளி வழியே வெளியே போயிருக்க வேண்டும். கூட்டத்தில் யாரோ சீ என்றார்கள், யாரோ சிரித்தார்கள்.

"யாரு... நிறுத்துனது?"

டெய்லரம்மா யோசித்தாள். கதவைத் தட்டுகிறவள் பெயரைச் சொல்லலாம். அதிகாரியைச் சொல்லலாம், பளிங்கக்காவைச் சொல்லலாம். கழுத்து டேப் கனத்தது.

"நான்தாங்க" என்றாள்.

அவர் நம்பவில்லை. மரப்பிடியை இறுகப் பிடித்து, மறுபடியும் சங்கிலியை இழுத்தார்.